சட்பரி பள்ளமும் சில சந்தேகங்களும்

கே: கனடாவில் சட்பரி என்ற ஊரில் விழுந்த விண்கல்லைத்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக வெட்டி வெட்டி நிக்கல் என்று விற்கிறார்களாமே? என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார்.

ப: மைத்துனர் சொன்னதில் 'விழுந்தது' வரைக்கும் சரி. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு மலையைவிடப் பெரிதான ஏதோ ஒன்று ஒன்டாரியோ மாகாணத்தில் வந்து மோதியது. அந்த வேகத்தில் வருகிற கல், கல்லாகவே மிஞ்சுவதில்லை; பெரும்பாலும் ஆவியாகிவிடும். இன்று சுரங்கத்திலிருந்து வருவது உள்ளூர்ச் சரக்குதான். மோதிய சூட்டில் பூமியின் மேலோடு உருகி, கிலோமீட்டர் கணக்கில் ஆழமுள்ள பாறைக்குழம்பு ஏரியாக நின்றது. அது ஆற ஆற, குழம்பிலிருந்த கந்தகம் நிக்கல், செம்பு, பிளாட்டினம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தனித் துளிகளாகப் பிரிந்தது. ரசத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். இந்தத் துளிகள் கனமானவை, அடியில் போய்த் தங்கின. பள்ளத்தின் தரையில் எங்கெல்லாம் குழிவும் விரிசலும் இருந்தனவோ, பெரும்பாலும் அங்கெல்லாம் தாது. அதிலுள்ள ஆஸ்மியம் ஐசோடோப்புகளை அளந்து பார்த்தவர்களும், உலோகம் வந்த வழி மேலோட்டுப் பாறைதான் என்றே சொல்கிறார்கள்.

கே: விண்கல் பள்ளம் வட்டமாக அல்லவா இருக்க வேண்டும்? வரைபடத்தில் இது கோழிமுட்டை மாதிரி இருக்கிறதே!

ப: விழுந்தபோது வட்டம்தான். குறுக்களவு 200 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. பிறகு மலைகள் எழுந்த காலத்தில் நிலம் பக்கவாட்டில் நெருக்குண்டு, மேற்பகுதியும் அரித்துப்போய், இப்போது 60க்கு 30 கிலோமீட்டர் அளவில் ஒரு நீள்வட்டம் மிச்சம். ஆராய்ச்சியாளர்களுக்கு இது வாய்த்த அதிர்ஷ்டம். அடுக்குகள் சாய்ந்து கிடப்பதால், உருகல் ஏரியின் மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை காலாற நடந்தே பார்த்துவிடலாம். நிலவில் இந்தச் சலுகை கிடையாது.

கே: நிலவு என்றதும் ஞாபகம் வந்தது. சட்பரி நிலவு போல மொட்டையாக இருந்ததால்தான் அப்போலோ வீரர்களை அங்கே அழைத்துப் போனார்களாமே?

ப: ஊர் மொட்டையாக இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் தாதைத் திறந்தவெளியில் விறகு அடுக்கி வறுத்தார்கள். கந்தகப் புகையில் காடு செத்தது. ஆனால் 1971, 1972இல் அப்போலோ 16, 17 வீரர்கள் வந்தது மரமில்லாத அழகைப் பார்க்க அல்ல, மோதலில் நொறுங்கிய பாறையை அடையாளம் காணப் பழகுவதற்கு. அங்கே பாறையில் கூம்பு கூம்பாக ஒரு வடிவம் தெரியும். நுனியிலிருந்து குதிரைவால் போலக் கோடுகள் விரிந்து இறங்கும். விரலால் தடவினால் வரிவரியாக நெருடும். எரிமலை இதைச் செய்யாது. இந்தக் கூம்புகளைச் சான்றாக வைத்துத்தான் ராபர்ட் டீட்ஸ் 1964இல் 'இது விண்கல்லின் வேலை' என்று எழுதினார். அதுவரை எரிமலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பேராசிரியர்கள் அல்லவா!

காடு திரும்பி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978 முதல் மண்ணில் சுண்ணாம்பு தூவி, மரம் நட்டு வருகிறார்கள்.

கே: அங்கே தாது இருப்பதை முதலில் கண்டுபிடித்தது எந்த நிபுணர்?

ப: 1883இல் ரயில் பாதைக்குப் பாறை உடைத்தபோது, தாமஸ் ஃபிளனகன் என்ற கொல்லர் துருப்பிடித்த நிறத்தில் ஒரு கல்லைக் கவனித்தார் என்பதுதான் ஊரில் சொல்லும் கதை. ஆனால் 1856லேயே ஆல்பர்ட் சால்ட்டர் என்ற நில அளவையாளர், அந்தப் பக்கம் போகும்போது திசைகாட்டி முள் தடுமாறுவதைப் பார்த்து எழுதிவைத்தார். அறிக்கை அரசாங்கத்துக்குப் போனது. அப்புறம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கே: விஞ்ஞானி எடிசனுக்கும் இதில் பங்கு உண்டா?

ப: உண்டு, லாபத்தில் அல்ல. தன் பேட்டரிக்கு நிக்கல் தேடி 1901இல் வந்தார். ஃபால்கன்பிரிட்ஜில் சரியான இடத்தில்தான் குழி தோண்டினார். புதைமணல் குறுக்கிட்டது, கைவிட்டுப் போனார். அதே இடம் பின்னால் பெரிய சுரங்கமானது. பேட்டரிக்காக நிக்கல் தேடுவதை இப்போது மின்சாரக் கார்க்காரர்கள் தொடர்கிறார்கள்.

கே: இவ்வளவு காலம் தோண்டிய பிறகு, பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆராய என்ன பாக்கி?

ப: சுலபமானதை எடுத்தாயிற்று, கஷ்டமானது பாக்கி. பள்ளத்தின் அடித்தரைக்கும் கீழே, நொறுங்கிய பாறையின் இடுக்குகளில் செம்பும் பிளாட்டினமும் பல்லேடியமும் நரம்பு நரம்பாக ஓடுகின்றன. நிக்கல் படிந்த பிறகும் உறையாமல் மிஞ்சிய திரவம் ஒழுகியதா, வெந்நீர் சுமந்து போனதா, எது எவ்வளவு என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. சட்பரியிலேயே இருக்கும் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்துக்கு வாசலைத் தாண்டினால் ஆய்வுக்கூடம். துளையிட்டு எடுத்த உருளைப் பாறைகளை வரிசையாக அடுக்கிவைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். அதில் ஒரு சீவலை 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வெளிச்சம் ஊடுருவும். ஒரு பிஎச்டி மாணவருடைய இளமையும் அதே வழியாகத்தான் போகிறது.

கே: நம் நாட்டிலும் விண்கல் பள்ளம் உண்டே. தோண்டினால் என்ன?

ப: மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளத்தைச் சொல்கிறீர்கள். குறுக்களவு 2 கிலோமீட்டர்கூட இல்லை. தாது பிரிந்து இறங்கும் அளவுக்கு உருகலும் இல்லை, அது ஆற அவகாசமும் இல்லை. உலகில் அடையாளம் கண்ட மோதல் அமைப்புகள் சுமார் 200; சட்பரி போலக் கொட்டிக்கொடுத்தது இன்னொன்று இல்லை. லோனாருக்குப் போனால் ஏரியைப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம்.

கே: சட்பரியில் 9 மீட்டர் உயரத்தில் ஒரு ஐந்து சென்ட் நாணயம் நிற்கிறதாமே, முழுக்க நிக்கலா?

ப: இல்லை, துருப்பிடிக்காத எஃகுத் தகடு. கனடாக்காரர் சட்டைப்பையில் இருக்கும் இன்றைய ஐந்து சென்ட்டும் 94.5 சதவீதம் எஃகுதான். நிக்கல் வெறும் மேல்பூச்சு.