பழைய எண் 199999, புதிய எண் 616

படம் முடிந்து விளக்கு போட்டதும் மற்றவர்கள் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவுவார்கள், பார்க்கிங் சீட்டைத் தேடுவார்கள். என் அக்கா மகன் மட்டும் அசையமாட்டான். கடைசியில் வரும் துண்டுக் காட்சிக்காக உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்து சீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். அதுவும்தான். ஆனால் அவன் மனசு இடைவேளைக்குப் பிறகு ஒரு கதாபாத்திரம் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் நிற்கும்.

“படம் எப்படிடா மாப்ளே?” என்றால், “ஃபைனைட்தான் மாமா. சும்மா இன்ஃபினிட்டுன்னு பில்டப் குடுக்கறாங்க” என்பான்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அண்ட அளவர். சங்கிலியும் புலப்படமுமாக வரப்பில் நடக்கும் நில அளவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் நிலத்துக்கு மூலப்பத்திரம் கேட்பார். இவர் இல்லாத அண்டத்துக்குக் கேட்பார். காமிக்ஸோ, அனிமேயோ, சினிமாவோ, முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையின் மல்ட்டிவெர்ஸ், அதாவது பல்லண்டம், எண்ணி முடிவதா, முடியாததா?

‘முடிவில்லாத பிரபஞ்சங்கள்’ என்று கதையிலேயே சொல்லிவிட்டார்களே என்று நீங்கள் வாயைத் திறந்தால் தீர்ந்தது. சொன்னது யார்? வில்லனா? தள்ளுபடி, ஜம்பத்தில் சொல்லியிருப்பான். விஞ்ஞானிப் பாத்திரமா? வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாரா? கதையை எழுதியவரே பேட்டியில் சொன்னாரா? “பேட்டி எல்லாம் வெறும் ஸ்டேட்மென்ட் மாமா. பேனல்ல காட்டினாங்களா? ஸ்கேன் இருக்கா?” அவன் போனில் காமிக்ஸ் பக்கங்களின் ஸ்கேன்கள் ஆயிரக்கணக்கில். போன மாதம் அவனுடைய நிச்சயதார்த்த போட்டோவைத் தேடினோம். சூப்பர்மேன் ஒரு கிரகத்தை இழுத்துப்போகும் படங்களுக்கு நடுவே ஒரு தாம்பாளத் தட்டு தென்பட்டபோதுதான் கண்டுபிடித்தோம்.

பள்ளிக்கூடத்தில் படித்த உயர்வு நவிற்சி அணியை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தும் ஒரே கூட்டம் இதுதான். எதிராளியின் நாயகன் முடிவிலியை அழித்தால் அது ஹைபர்போல், அதாவது உயர்வு நவிற்சி. தன் நாயகன் அழித்தால் அது தன்மை நவிற்சி.

இதில் இத்தனை ஆவேசம் எதற்கு என்று நானும் முதலில் குழம்பினேன். அப்புறம்தான் புரிந்தது, விசாரணை அண்டத்தைப் பற்றியதே அல்ல. யார் யாரை அடிப்பார் என்பது பற்றியது. பல்லண்டத்தை அழிக்கிறவனின் பலம், அந்தப் பல்லண்டத்தின் அளவைப் பொறுத்தது அல்லவா? இதற்கு இவர்கள் வட்டாரத்தில் ஒரு தர அட்டவணையே புழங்குகிறது. 2 முதல் 1000 பிரபஞ்சம் வரை அழித்தால் 2-சி. 1001-லிருந்து எண்ணி முடிகிற எந்தத் தொகையானாலும் 2-பி. முடிவிலி என்றால் 2-ஏ. நம் ரேஷன் கார்டு வகைகளே தேவலை.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். “சூரபன்மன் 1008 அண்டத்தை ஆண்டவன்டா, கந்தபுராணத்துல இருக்கு.”

நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஆயிரத்தெட்டா? எட்டு வித்தியாசத்துல 2-பி மாமா! ஆனா ஆண்டான்னா அழிக்கவும் முடியும்னு அர்த்தமில்ல.”

“மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில நூற்றொரு கோடிக்கு மேலன்னு சொல்றாரே?”

“மேலன்னா எவ்ளோ மேல?”

திருவாசகத்துக்கு உருகாதவர் உண்டு என்று அன்றுதான் நேரில் பார்த்தேன்.

உண்மையில் இவர்களைக் கெடுத்தது டிசி காமிக்ஸ். 1961-இல் ‘தி ஃபிளாஷ்’ 123-ஆம் இதழில் ஒரு ஃபிளாஷ் இன்னொரு பூமிக்குப் போய் அங்கிருந்த மூத்த ஃபிளாஷைச் சந்தித்தான். இரண்டு பூமி, அவ்வளவுதான், கை விரலுக்குள் அடங்கியது. பிறகு வருகிற எழுத்தாளர்கள் எல்லாம் ஆளுக்கொரு மனை போட்டார்கள். கணக்கு குழம்பிப்போய் 1985-இல் ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற 12 இதழ்த் தொடரைத் தொடங்கி ஆக்கிரமிப்பை அகற்றினார்கள். எதிர்ப்பொருள் அலை ஒன்று கிளம்பி உலகம் உலகமாகத் தின்றுகொண்டே வரும். கடைசியில் ஐந்து பூமி மிஞ்சும்; அவையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அந்த ஐந்துதான் வினை. “தலைப்புல இன்ஃபினிட்டுன்னு இருக்கு. ஆனா இன்ஃபினிட்டில எவ்ளோ கழிச்சாலும் இன்ஃபினிட்டிதானே மிஞ்சணும்? அஞ்சு எப்படி மிஞ்சும்? அதனால மொதல்லேர்ந்தே ஃபைனைட்.”

நான் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் 1, 2, 3 என்று எழுதி, முடிவில்லாமல் போவதாகக் காட்டப் புள்ளி வைத்தேன். 5-க்கு மேல் இருக்கிற அத்தனையையும் ஒரே கோட்டில் அடித்தேன். “அடிச்சது எத்தனை? முடிவிலி. மிச்சம்? அஞ்சு.”

ஒருநாள் முழுக்கப் பேச்சில்லை. அக்காகூட உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வந்தான். “நீங்க ஒரே கோட்டுல அடிச்சீங்க மாமா. அலை ஒண்ணொண்ணாத்தானே தின்னுச்சு?” வாயில் நுரையோடு சொன்னாலும் நியாயம் நியாயம்தான். ஒவ்வொன்றாகத் தின்றால் எத்தனை நாளானாலும் ஐந்துக்கு வந்து சேராது. இந்த இனத்தைக் கேலி செய்வதில் உள்ள தொல்லை இதுதான், நாலு தடவைக்கு ஒரு தடவை சரியாகப் பேசிவிடுகிறார்கள்.

பிறகு 2006-இல் டிசியிலிருந்து ஓராண்டுக்கு வாராவாரம் ஒரு தொடர் வந்தது, பெயர் ‘52’. முடிவில் பார்த்தால் அண்டங்களும் 52. அந்த வருடத்துக்கு ஒரு வாரம் கூடியிருந்தால் இன்னொரு பூமி பிழைத்திருக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மார்வெல்காரர்கள் எண்ணிக்கை சொல்லாமல் கதவிலக்கம் மட்டும் போட்டார்கள். காமிக்ஸின் மூல உலகம் 616. சினிமா உலகத்துக்கு அவர்களுடைய கையேடு தந்த எண் 199999. 2022-இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அந்தச் சினிமா உலகத்தையே 616 என்றுவிட்டார்கள். அடுத்த வருடம் ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் ஒருவர் அதே உலகத்தைப் பழையபடி 199999 என்கிறார். சென்னைக்காரனுக்கு இதில் குழப்பமே இல்லை. பழைய எண், புதிய எண். ஒரே எண்ணில் இரண்டு வீடு. தபால்காரருக்குத் தெரியும்.

“நம்பர் போட்டுட்டாங்கன்னா எண்ணி முடிச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம்?” என்று நான் கேட்டு மாட்டிக்கொண்டேன். கதவிலக்கம் போட்டுவிட்டதால் தெரு முடிந்துவிடுமா என்று அவன் திருப்பிக் கேட்டான். இதுவும் அந்த நாலில் ஒன்று.

‘டிராகன் பால் சூப்பர்’ பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அதில் 12 பிரபஞ்சம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முன்னே 18 இருந்து ஆறை ஒருவர் அழித்த கணக்கும் உண்டு. அவனுடைய உயிர்நாயகன் கோக்கு அந்தக் கதையில்தான் இருக்கிறான். “பன்னெண்டுதான், ஆனா ஒவ்வொண்ணும் உள்ள எல்லையில்லாதது” என்று ஆரம்பிப்பான். எங்கே காட்டினார்கள், ஸ்கேன் எங்கே என்று கேட்டால், “உங்களுக்கு ஜாப்பனீஸ் தெரியாது மாமா” என்பான். அவனுக்கும் தெரியாது.

தை மாதம் கல்யாணம். சமையல்காரர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காதில் செருகிய பேனாவை எடுத்தார். “எத்தனை இலை தம்பி?”

“நிச்சயதார்த்தத்துக்கு வந்தது நாப்பத்திரண்டு பேர். அதுக்கு மேல ப்ரூஃப் இல்லண்ணே.”

“பத்திரிகை எத்தனை அடிச்சீங்க?”

“நானூறு. ஆனா பத்திரிகை வெறும் ஸ்டேட்மென்ட்தானே?”

சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அக்கா, “ஆயிரத்துக்குப் போட்டுக்குங்கண்ணே, எங்க பக்கம் சொல்லாமயே வருவாங்க” என்றாள்.

“ஹைபர்போல்” என்று என் காதில் கிசுகிசுத்தான்.

கல்யாணத்தன்று ஆயிரம் இலையும் தீர்ந்து, கடைசிப் பந்திக்குப் பாக்குமட்டைத் தட்டு வாங்க ஸ்கூட்டரில் ஓடினவன் நான்.