பூச்சியா, புற்றா?

கே: ஜவ்வாது மலையில் வயிற்றுப் பூச்சி அதிகமாமே? (ஜமுனாமரத்தூர் வாசகர்)

ப: கொக்கிப்புழுதான் இங்கே ராஜா. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மலைக் கிராமங்களில் மலம் வாங்கிச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 38 பேர் வயிற்றில் குடியிருந்தது.

கே: நான் கை கழுவித்தானே சாப்பிடுகிறேன்?

ப: கை சரி, கால்? இளம்புழு ஈர மண்ணில் காத்திருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறும். ரத்தம், நுரையீரல், தொண்டை, பிறகு சிறுகுடல். டிக்கெட் எடுக்காத யாத்திரை! சாமைக் காட்டுக்குச் செருப்போடு போங்கள்.

கே: இதனால் குடல் புற்றுநோய் வருமா? (போளூர் வாசகி)

ப: கொக்கிப்புழு மேல் அந்தக் குற்றம் நிரூபணமாகவில்லை, தாயே. உலக அளவில் புற்றுக்கு உறுதியான குற்றவாளிகள் மூன்று தட்டைப்புழுக்கள். இரண்டு பித்தநாளத்தைக் கெடுக்கும், ஒன்று சிறுநீர்ப்பையை. பெருங்குடல் வழக்கில் சந்தேகப் பட்டியலில் இருக்கிற ரத்தத் தட்டைப்புழுவுக்குச் சொந்த ஊர் சீனா, பிலிப்பைன்ஸ்.

கே: புழுவால் புற்று என்றவருக்கு நோபலே கொடுத்தார்களாமே?

ப: டென்மார்க்கின் யோஹன்னஸ் ஃபிபிகர், 1926-ஆம் ஆண்டுப் பரிசு. எலி வயிற்றில் புழுவையும் புண்ணையும் கண்டு புற்று என்றார். பிறகு பார்த்தால், எலிக்கு வைட்டமின் ஏ பற்றவில்லை!

கே: அப்போ கவலையில்லை?

ப: அங்கேதான் சறுக்கல். கொக்கிப்புழு குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும், சோகை. பெருங்குடல் புற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும், அதுவும் சோகை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வெளுப்பு. ஐம்பது வயதுக்காரர் மேடேறும்போது மூச்சிரைத்தால், 'பூச்சிதான்' என்று ஒரு மாத்திரையோடு கணக்கை முடிக்காதீர்கள். மாத்திரை போட்டும் சோகை தீரவில்லை, மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் வெளிக்குப் போகும் வழக்கம் மாறியது, காரணமில்லாமல் உடம்பு இளைத்தது: இதில் ஒன்று இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், குடலைக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற நோயாளிக்காகப் புற்று காத்திருக்காது.

கே: மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டுமா?

ப: தேசியக் குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10-இல், 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல். ஆனால் புழு பிறந்த தேதி பார்ப்பதில்லையே! பெரியவர்களையும் சேர்த்து ஊருக்கே கொடுத்தால் பரவல் நிற்குமா என்று 'டிவார்ம்3' ஆய்வு சோதித்த இடங்களில் நம் மலையும் ஒன்று. மாத்திரை புழுவைக் கொல்லும், மண்ணைக் கழுவாது. வெட்டவெளியில் மலம் கழித்தால் புழு மறுபடி மண்ணுக்கே வரும்; வீட்டுக் கழிப்பறையில் அடுக்கிய விறகை இன்றைக்கே வெளியே எடுங்கள்.