பெயர்ப்பொருளாளர்

பெயர்ப்பொருளாளர் எனப்படுபவர் எந்தச் சங்கத்துக்கும் பொருளாளராக இருந்தவர் அல்லர்; பிறர் வீட்டுப் பெண் குழந்தையின் பெயருக்குப் பொருள் கேட்பதையும், கிடைத்த பொருளை ஏற்காமல் திருப்பி அனுப்புவதையும், பின்னர்த் தாமே ஒரு பெயரைப் பொருளோடு சேர்த்து வழங்குவதையும் ஓய்வுக்காலப் பணியாகக் கொண்டவர். பெரும்பாலும் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு முறையில் பெரியப்பா. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதால், அம்மலையின் அடிவாரத்தில் இவ்வகையினர் சற்றுக் கூடுதலாகவே தழைத்திருக்கின்றனர். பேருந்தில் வளைவுக்கு ஒரு பெயராகப் பொருள் சொல்லிக்கொண்டும், அதற்கேற்ற குழந்தை யார் வீட்டில் பிறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டும் அவர் மலைமேல் உள்ள ஹைவேவிஸ் வந்து சேர்வார். உடன் வருவோருக்குக் குமட்டல் எடுப்பது வளைவுகளால் மட்டும் அன்று.

அவருடைய கேள்வி ஒன்றுதான்: "பொருள் என்ன?" பிள்ளை பெற்றவள் பத்தியச் சோற்றில் கைவைக்கும் முன்பும், சேனை வைக்க வந்த கிழவி சர்க்கரைத் தண்ணீரை ஏந்தி நிற்கும்போதும், தொட்டில் கட்டிய நாளின் பந்தியில் இரண்டாம் முறை ரசம் வரும்போதும் அக்கேள்வி எழும். மற்றவர்கள் குழந்தையின் எடையையும் சாயலையும் விசாரிப்பர். அவர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்ததாகவே சான்றில்லை. கைப்பேசியில் தேடியெடுத்த 'மித்விகா' போன்றதொரு பெயரை இளந்தந்தை தயங்கித் தயங்கிச் சொல்லி, "லட்சுமியோட இன்னொரு பேராம், பெரியப்பா" என்று முடிப்பான். பொருள் தெரியாத பெயர் எதுவாயினும் அது லட்சுமிக்கோ துர்க்கைக்கோ இன்னொரு பெயர் என்பது இணையப் பெயர்ப் பட்டியல்களின் பொதுவிதி. "எந்த நிகண்டில்?" என்பார் பெயர்ப்பொருளாளர். நிகண்டு என்பது, அகராதிகள் பரவுவதற்கு முன்பு, ஒரு பொருளுக்குரிய பல சொற்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளில் தொகுத்து வைத்த நூல். இளந்தந்தையோ அதை ஏதோ செயலி என்று எண்ணிக் கைப்பேசியில் தேடத் தொடங்கியிருப்பான்.

மறுப்பு முடிந்ததும் குறிஞ்சிப்பாட்டு திறக்கப்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலில் கபிலர், தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துக் குவித்த 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவர் அடுக்கியது பூக்களைத்தான், பிறக்கவிருக்கும் பெண்பிள்ளைகளை அன்று என்பதைப் பெயர்ப்பொருளாளருக்கு யாராலும் உணர்த்த முடிந்ததில்லை. முல்லையும் குறிஞ்சியும் தெருவுக்கு ஒன்றாகிவிட்டமையால் அவர் எவரும் தொடாத பகுதிக்குள் இறங்குவார். பாரம் என்பது பருத்திப் பூ. ஆயினும் மகளுக்குப் பாரம் என்று பெயரிட்டுவிட்டு ஊருக்குள் நிமிர்ந்து நடக்கக்கூடிய தகப்பன் இன்னும் பிறக்கவில்லை. பீரம் பீர்க்கம்பூ, அவரை, அவரையேதான். கருவிளை என்பது காக்கணங்கொடியின் கரும்பூ. அழகிய சொல்தான், வருகைப் பதிவேட்டில் இடம் போதாமல் 'கருவி' என்று முடிந்துவிடும் என்பதைத் தவிர. இவற்றுக்கெல்லாம் மேலாக, தகுந்த குழந்தைக்கென்று அவர் பல்லாண்டுகளாகக் காத்து வைத்திருக்கும் பெயர் நள்ளிருணாறி. நள்ளிருளில் மணம் பரப்பும் பூ என்று பொருள்படும், இருவாட்சி என்று உரை கூறப்படும். நாறுதல் பழந்தமிழில் நறுமணம் வீசுதலைச் சுட்டியது என்பதும், உயர்ந்த பொருளுடைய சொல் இவ்வாறு காலப்போக்கில் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவது இழிபொருட்பேறு எனப்படும் என்பதும் முற்றிலும் உண்மை. ஆனால் இவ்வுண்மையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை.

மேகமலையைப் பார்த்தபடி பிறந்தவளுக்கு 'மேகா' என்று வைக்கலாமே என எவரேனும் சொல்லிவிட்டால் அது அவருக்கு விருந்து. மேகம் வடசொல் என்று தொடங்கி, சித்த மருத்துவத்தில் அச்சொல் எந்தெந்த நோய்களுக்கு முன்னொட்டாகிறது என்பதையும் பெண்கள் கூடியிருக்கும் இடமென்று பாராமல் விளக்கி, முகில், கொண்டல், எழிலி என மூன்றை நீட்டுவார். எழிலிகள் வகுப்பறையில் 'எலி' ஆகிவிடுவதற்கு அவர் பொறுப்பேற்பதில்லை. மேகமலைக்குப் பச்சைக்கூமாச்சி, அதாவது பசுமையான சிகரம், என்றொரு பெயரும் உண்டு; மாசற்ற தமிழாக இருந்தும் அதை எந்தக் குழந்தைக்கும் அவர் பரிந்துரைக்காமல் விட்டதைக் கருணை என்றே கொள்ள வேண்டும்.

அண்மையில் அவருக்கு வாய்த்த பெருஞ்சோதனை அயர்லாந்து. டப்ளினில் வேலை பார்க்கும் தம்பதியர், அந்நாட்டார் வாயிலும் கம்பத்துப் பாட்டியின் வாயிலும் ஒருசேர நுழையக்கூடிய பெயரொன்றைத் தேடிக் காணொலியில் அழைத்தனர். தமிழ் ழகரம் அங்கே நாவில் நிற்காது. ஐரிஷ் எழுத்தையோ இங்கே யாரும் நம்ப முடியாது, ஏனெனில் 'நீவ்' என்று ஒலிக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'நியாம்ஹ்' என்று வருகிறது. அம்மொழியில் விடுதலை என்று பொருள்படும் 'சீர்ஷா', 20ஆம் நூற்றாண்டில் பெண்பெயராக வழங்கத் தொடங்கியது. பொருளுள்ள பெயர், ஆகவே பெரியப்பா மறுக்கமாட்டார் என்று தம்பதியர் நம்பினர். அவர் மறுக்கவில்லை, சீர் தமிழ்ச்சொல்தான், தாய்மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவருவதும் அதுதான் என்று நிறுவி, 'ஷா' கிரந்த எழுத்தென்று வெட்டியெறிந்து, எஞ்சியதோடு ஒரு மலரைக் கோத்துச் 'சீர்மலர்' என்று திருப்பிக் கொடுத்தார். விடுதலை எங்கே போயிற்று என்று கேட்கும் தெம்பு யாருக்கும் இல்லை. அயர்லாந்தில் 1867இல் மார்கரெட் எலிசபெத் நோபிளாகப் பிறந்தவரே 1898இல் விவேகானந்தரிடம் நிவேதிதா என்ற பெயரைப் பெற்று, பாரதி குருவாகப் போற்றிய சகோதரியானார் என்பதால், அப்பெயர் இரண்டு ஊருக்கும் பொருந்துமே என்றும் வாதாடிப் பார்த்தனர். வடசொல் என்ற ஒற்றைச் சொல்லில் அது முடிந்தது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை என்ற பெயராலேயே அறியப்பட்டார் என்பதை அடுத்து எடுத்துரைத்திருக்கலாம். அதற்குள் காணொலி அறுந்துவிட்டது, அல்லது அறுக்கப்பட்டது.

ஒரே ஒரு பெயரிடம் மட்டும் அவர் பொருள் கேட்டதில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்பிள்ளைகளுக்கு இன்றும் சூட்டுகின்றனர். நிகண்டில் இல்லாத, தமிழும் அல்லாத அப்பெயரைக் கேட்டதும் அவர் தலையசைத்து அமைதியாகிவிடுவார். 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் பாயும் நீரே அதற்குப் பொருளுரை என்பது அவர் கருத்தாயிருக்கலாம்.

இதில் சிரிப்பதற்கில்லாத பகுதியும் உண்டு. பிறப்பைப் பெயரில்லாமலே பதிவுசெய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதியை, அவர் தம் ஆராய்ச்சிக்கு அரசு அளித்த அவகாசமாகவே எடுத்துக்கொள்கிறார். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நடக்கவும் தொடங்கிவிடுகிறது. சான்றிதழில் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே கிடக்கிறது. வீட்டில் அது 'பாப்பா', மருத்துவமனைச் சீட்டில் தாயின் பெயரோடு ஒட்டிய 'பெண் குழந்தை'. இத்தனை பொருள் கேட்டவர், பத்து மாதம் சுமந்தவளிடம் உனக்கு எந்தப் பெயர் பிடிக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் மனத்தில் பெயர் ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கும்போது மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறாள்.

ஆயினும் அவரை முற்றிலும் வெறுக்க இயலாமற்போவதற்கு அவருடைய அக்காளே காரணம். ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீடுகளில், அடுத்தடுத்துப் பிறந்த பெண்களில் கடைசியானவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயரிடும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. இனிப் பெண் வேண்டாம் என்று தெய்வத்துக்குச் செய்த முறையீட்டை அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் தன் பெயராகச் சுமக்க வேண்டும். அக்காளுக்கு அடுத்துப் பிறந்தவர்தான் பெயர்ப்பொருளாளர். முறையீடு பலித்ததன் சான்று. ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய ஆண்டில் அவர் அக்காளுக்கென்றே 99 பூக்களிலும் தேடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதற்கான படிவத்தையும் நிரப்பிக்கொண்டு போனார். அக்காள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்டா தம்பி, நூறுநாள் வேலையில அட்டையில இருக்கிற பேரச் சொல்லித்தான கூப்பிடுவாக? பூவச் சொன்னா நான் யாரையோ கூப்பிடுறாகன்னு உக்காந்துக்கிருவேனே."