கண்ணுசாமி: இரு பதிப்புகள்

ஹந்தானை மலையில் ஏறிக் கீழே பார்த்தால் கண்டி வாவி தெரியும். வெட்டுவித்தவர் கண்டியின் நாயக்க வம்சத்து மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வீட்டில் கண்ணுசாமி. மண் சுமக்க மறுத்தவர்களை வாவிக்குள்ளேயே கழுவேற்றினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். அந்த மனிதருக்கு வாய்த்த ஊடகம் அப்படி.

அப்போது கண்டியில் பத்திரிகை கிடையாது, கவி இருந்தது. 1803இல் ஆங்கிலப் படை ஊருக்குள் வந்து, முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கரை அரியணையில் உட்கார்த்திவிட்டுக் காய்ச்சலில் படுத்தது. ஜூனில் சரணடைந்தது, அப்படியும் உயிர் தப்பவில்லை. முத்துசாமியும் போய்ச் சேர்ந்தார். 'இங்கிரிசி ஹட்டன' என்ற கவி பாடியது: மன்னர் சூரர், சூரியர். பன்னிரண்டு வருடம் கழித்து 'கிரள சந்தேசய' பாடியது: மன்னர் பாவி, அவருடைய அமைச்சர் எஹெலேபொல அதிகாரமே உத்தமர். தூது போனது ஆட்காட்டிப் பறவை. வேறெது போகும்?

கொழும்பில் 1802 முதலே அரசாங்க வர்த்தமானி அச்சாகிக்கொண்டிருந்தது. 1815 ஜனவரியில் ஆளுநர் பிரவுன்றிக் பிரகடனம் விட்டார்: சண்டை மன்னரோடுதான், குடிகளை விடுவிக்கவே வருகிறோம். வில்லங்கம் என்னவென்றால், அதில் பாதி உண்மை. எஹெலேபொல கொழும்புக்கு ஓடியதும் அவர் மனைவி மக்களைக் கண்ணுசாமி கொல்வித்தார். வியாபாரிகளின் காது, மூக்கு, கையை அறுத்ததும் நடந்தது. இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் பிரகடனம் விழுங்கிய மீதிப் பாதி ஜோன் டொய்லியின் நாட்குறிப்பில் கிடக்கிறது. அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிக்கு வருவார், வியாபாரி வருவார், அதிகாரத்தின் ஆள் ஓலையோடு வருவான். துரை தேதி போட்டு, யார் வந்தான், என்ன சொன்னான் என்று குறித்துக்கொள்வார். வியாபாரிகளை ஒற்றர் என்று மன்னர் சந்தேகித்தாரே, அது வெறும் பிரமை அல்ல என்று இந்த நாட்குறிப்பே காட்டிக்கொடுக்கிறது. கொடுமை தாங்காமல் ஓடிவந்ததாகச் சொல்லப்பட்ட எஹெலேபொலவும் அதற்கு முன்பே துரையோடு ஓலை பரிமாறிக்கொண்டிருந்தவர்தான். இரண்டு கவியையும் ஒரு பிரகடனத்தையும் விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஊரார் படிக்க எழுதியதல்ல, 1917இல்தான் அச்சேறியது.

மன்னரைப் பிடித்தாயிற்று. 1815 மார்ச் 2இல் உடன்படிக்கை. விரட்டப்பட்ட 'மலபாரி' ஆண்கள், அதாவது ஆங்கிலேயர் வாயில் தமிழர், அனுமதியின்றித் திரும்பக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. கண்ணுசாமி வேலூர்ச் சிறைக்குப் போய் 1832இல் அங்கேயே இறந்தார்.

இரண்டே வருடம்! 1817இல் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு, நான்தான் நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று கிளம்ப, நாயக்கரே வேண்டாம் என்று கையெழுத்து வைத்த ஊர் அவர் பின்னால் திரண்டது. அடக்கப் போன கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவும் அவர் பக்கமே சாய்ந்துவிட்டார். விடுவிக்கப்பட்ட குடிகள் ஒரே இரவில் கலகக்காரர் ஆனார்கள். எஹெலேபொலவும் கைதாகி, கடைசியில் மொரீசியஸில் 1829இல் செத்தார். அவருக்காக ஒரு பறவையும் பறக்கவில்லை.

பிறகு கோப்பி வந்தது. ஹந்தானையிலும் சுற்று மலைகளிலும் காடு வெட்ட ஆள் வேண்டும். நாயக்கர் வந்த அதே கரையிலிருந்து தமிழர்களை மன்னார்ப் பக்கம் இறக்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடத்திக் கூட்டிவந்தார்கள். மலபாரிகள் திரும்பக் கூடாது என்ற பிரிவு எந்தத் துரைக்கும் ஞாபகம் வரவில்லை. நடந்து வந்தவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவுமில்லை.