இடையூறு தரும் இயற்கையை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
சொந்தக் காரில், ஏசி போட்டு, கண்ணாடியை இறக்காமல் ஊர் சுற்றும் ஒரு குடும்பத் தலைவன்.

பெறுநர்:
சுற்றுலா, நெடுஞ்சாலை, மற்றும் மலை, ஏரி, கடல் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் இதர துறை அதிகாரிகள்.

பொருள்: கொடைக்கானல் முதல் தனுஷ்கோடி வரையிலான சாலையில் இயற்கை தரும் தொல்லைகளைக் களைவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மலை, ஏரி, கடல் மூன்றையும் ஏறத்தாழ 300 கி.மீ.க்குள் அமைத்துக் கொடுத்தமைக்கு நன்றி. ஆனால் அமைப்பில் சில குறைகள் உள்ளன.

முதலாவது, கொடைக்கானல் ஏரி. 1863இல் லெவிஞ்ச் என்ற துரை ஓடையை மறித்து இதை உருவாக்கியபோது பார்க்கிங்குக்கு இடம் ஒதுக்கத் தவறிவிட்டார். சுமார் 60 ஏக்கர் தண்ணீர் சும்மா கிடக்கிறது. பாதியைத் தூர்த்தால் போதும், மீதியைக் காரில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். அதே சமயம், ஏரியின் உபரி நீரைச் சில்வர் கேஸ்கேட் அருவியாக இறங்கவிட்டிருப்பது பாராட்டத்தக்கது. மேலே நாங்கள் வீசிய தண்ணீர் பாட்டில் கீழே எங்களை வரவேற்கும் வாய்ப்பு வேறெந்த ஊரில் உண்டு?

அடுத்து, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்தது. 2025 கோடையில், வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மலைக்குக் கூடுதலாக 2,000 வண்டி தாங்கும் தெம்பு வந்துவிடுகிறது என்று அறிந்து மகிழ்ந்தோம். தீபாவளி, பொங்கலுக்கு அது இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தால் உறவினர்களை அழைத்து வர வசதியாக இருக்கும்.

மூடுபனி குறித்தும் ஒரு வார்த்தை. காட்சிமுனையில் டிக்கெட் வாங்கிய பிறகு பள்ளத்தாக்கை மறைப்பது நுகர்வோர் உரிமைக்கு எதிரானது. பனிக்கு நேரம் ஒதுக்கி, போர்டு மாட்டவும்.

மலை இறங்கி மதுரை, ராமநாதபுரம் தாண்டினால் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களையும் கடல் பார்க்கவைக்கும் எங்கள் பொதுநலத்தை ஹாரன் அடித்து அவமதிக்கிறார்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கக்கூடியதாம். அதைக் கப்பல் வந்தால்தான் தூக்குவேன் என்பது என்ன நியாயம்? பிள்ளைகள் ரீல்ஸ் எடுக்கக் காத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025இல் சரணாலயம் அறிவித்திருக்கிறீர்கள். இத்தனை பறவைகளும் எந்தப் பாஸும் எடுக்காமல் வந்திறங்குகின்றன. விசாரிக்கவும்.

கடைசியாக, மனிதர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பயணிகளோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அறிவிப்பை மதிக்காமல் மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டு, வலை இழுத்து, சங்கும் சிப்பியும் விற்று வாழ்கிறார்கள். கூரையில்லாத தேவாலயத்தின் முன் நாங்கள் போஸ் கொடுத்தால், படத்தில் அவர்களும் விழுந்துவிடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் மணலில் நடந்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது, நாங்களும் காரில் வந்தோம். "வாழத் தகுதியில்லாத ஊர், சுத்திப் பார்க்க மட்டும் எப்படிப்பா தகுதியாச்சு?" என்று என் மகள் கேட்கிறாள். இதுபோன்ற கேள்விகளைத் தூண்டும் இடிபாடுகளை அகற்றி, அங்கே நல்ல செல்ஃபி பாயின்ட் ஒன்று அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்கையை நேசிக்கும்,
வரி செலுத்துவோன்.

நகல்: வங்கக் கடல். 1964இல் எடுத்தது போன்ற நடவடிக்கை ஏதும் உத்தேசத்தில் இருந்தால், எங்கள் விடுமுறை முடியும்வரை ஒத்திவைக்கவும்.