கல்வராயப் பாதணியியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதனுக்கும் மலைக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று செருப்புக் கடைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ஏதோ ஒன்று எப்படி இருக்கவேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கிடக்கும் கல்வராயன் மலை ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது. பாதம், பாதணி, பாதை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பது நிறுவப்படுகிறது. தவறு பாதத்தின் பேரில் இல்லை என்பது முடிவு.

முன்னாய்வுகள்

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. வேதாந்த தேசிகர் திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்களில் ‘பாதுகா சகஸ்ரம்’ இயற்றினார். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது மரபு. சாக்ஸ் பற்றிய இயல் மட்டும் பின்வருவோருக்காக விடப்பட்டிருக்கிறது. திருவள்ளுவர் 1120ஆம் குறளில் பெண்ணின் பாதத்தையும் நெருஞ்சியையும் ஓரிடத்தில் வைத்து ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது காதலியின் பாதம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மரவள்ளி மூட்டை சுமப்பவரின் பாதம். நெருஞ்சி இருவருக்கும் பொது.

மேலைநாட்டு ஆய்வுகளில் இத்தாலியரான விதாலே பிரமானியின் பணி குறிப்பிடத்தக்கது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் அவருடன் சென்ற ஆறு பேர் இறந்தார்கள். காலில் கிடந்தவை மலைக்குப் பொருந்தாதவை என்பதை ஒரு காரணமாகக் கண்டார் அவர். 1937இல் மேடும் பள்ளமுமாக வார்த்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சுருக்கித்தான் ‘விப்ரம்’ என்கிறோம். 1954இல் கே2 சிகரத்தை முதலில் தொட்ட இத்தாலியர் அந்தச் சோலோடுதான் ஏறினார்கள். ஆனால் ஆல்ப்ஸில் ஏறுகிறவர் பாதி வழியில் ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. நம் ஆய்வின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஆய்வுக்களமும் மாந்தரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைக்கு வெள்ளிமலை தலைமையிடம். குடிகள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்.

நடமாட்ட நோக்கில் மலையில் இருவகை மாந்தர் தென்படுகின்றனர். முதல் வகையினர் மேலிருந்து கீழே சுமையோடு வருவோர்: மரவள்ளி, சாமை, கடுக்காய், புளி. இரண்டாம் வகையினர் கீழிருந்து மேலே கேமராவோடு வருவோர். இவர்களது பயணம் கரியாலூர் படகுத்துறையில் தொடங்கி, மேகம் அருவியை நோக்கிச் சற்றுத் தூரம் நீண்டு, பஜ்ஜிக் கடையில் நிறைவுறுகிறது.

இவ்விரு வகையினரின் கால்களை ஒப்புநோக்கியதில் பெறப்படுவதே கல்வராயன் முதல் விதி: *காலணியின் விலையும் அதை அணிந்தவர் நடக்கும் தூரமும் தலைகீழ் விகிதத்தில் அமையும்.* எட்டாயிரம் ரூபாய் பூட்ஸ் காரிலிருந்து இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி காரில் ஏறுகிறது. ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒரு மலையைக் கடந்து அடுத்த மலைக்குப் போகிறது.

வாசற்படிச் சிக்கல்

கோயில் வாசலில் கழற்ற வேண்டும். வீட்டு வாசலில் கழற்ற வேண்டும். நெல்லோ சாமையோ குவிந்திருக்கும் களத்தில் செருப்புக் காலோடு ஏறினால் பெரியவர்கள் பார்க்கிற பார்வையே போதும். ஆக, ஒரு கிராமத்தைக் கடக்கிறவர் பலமுறை குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது. கணுக்காலுக்கு மேல் எட்டுத் துளை வைத்து நாடா கோத்த பூட்ஸை வடிவமைத்தவர், அதைக் காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கும் நாட்டுக்காரர். நம் ஊரில் அவிழ்த்துக் கட்டி முடிப்பதற்குள் பூசாரி நடை சாத்திவிடுவார். விளைவு: நாடாவை இறுக்காமலே முடிந்து, காலை உள்ளே திணித்து, குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கி, மூவாயிரம் ரூபாய் பூட்ஸை முப்பது நாளில் ஸ்லிப்பராக்கும் கலையில் நாம் தேர்ந்தோம்.

அளவியல்

நாம் கடையில் கேட்கும் ‘எட்டாம் நம்பர்’ ஆங்கிலேயர் விட்டுச்சென்றது. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது ஒரு பார்லி மணியின் நீளம் என்பது பழைய கணக்கு. அதாவது சாமை விளைகிற மலையில், பார்லியைக் கண்ணால் காணாத பாதத்தை, பார்லியால் அளந்து வருகிறோம்.

இதிலுள்ள அநீதியை அரசும் கண்டுகொண்டது. 1948இல் தொடங்கி அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று தெரியவந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டது. சுண்டுவிரல் ஓரத்தில் தழும்பு இல்லாத தமிழனைத் தேடுகிறவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. அகலம் போதாததால் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம், நீளம் கூடி, குதிகால் உள்ளே ஊஞ்சலாடுகிறது, குதிகாலில் கொப்புளம். சுண்டுவிரல் கடியிலிருந்து தப்பிக் குதிகால் கடியில் விழுவதே இந்திய அளவியலின் சாரம்.

வகைப்பாடு

*ரப்பர் செருப்பு.* எடை குறைவு, விலை குறைவு, ஓடையில் இறங்கினால் உடனே காயும். வார் பிடுங்கிக்கொண்டால் அடியில் ஊக்கு குத்தினால் ஆயிற்று. பழுது நீக்கும் செலவில் இதற்கு இணை கிடையாது. ஈரப் பாறையில் மட்டும் அணிந்தவரைக் கேளாமலே முன்னால் போகும்.

*டயர் செருப்பு.* லாரிக்கு உழைத்து ஓய்ந்தது காலுக்கு உழைக்க வருகிறது. சோல் தேயாது, அணிபவர் தேய்வார். முள் ஏறாது. வளையவும் வளையாது.

*கம்பூட்ஸ்.* கச்சிராயபாளையத்துக் கரும்புக் கழனியில் வெட்டிய தட்டையின் கூர்முனையும் சேறும் ஒருங்கே இருக்குமிடத்தில் இதற்கு நிகரில்லை. ஏற்றத்தில் அரைமணி நேரம் நடந்தால் உள்ளே வியர்வையாலேயே ஓர் ஓடை உண்டாகும்.

*இரும்பு மூக்குப் பூட்ஸ்.* ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரத்தின்படி இதன் மூக்கு 200 ஜூல் மோதலைத் தாங்கவேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதற்குச் சமம். ஆலையில் இரும்பு விழும். கல்வராயனில் பலாப்பழம் விழும். கல் உடைப்போருக்கும் மரம் அறுப்போருக்கும் இது கட்டாயம். பலா மரத்தடியில் நிற்பவருக்கு இதைவிடத் தலைக்கவசம் உசிதம்.

*நீர்புகா மலைப் பூட்ஸ்.* துணிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய சவ்வு வைத்து, வெளித்தண்ணீரைத் தடுப்பது. மழைக்கு நல்லது. அருவிப் பாதையில் முழங்கால் ஆழத்தில் இறங்கினால் தண்ணீர் மேல்வாய் வழியே நுழைகிறது. நுழைந்ததை வெளியேவிடாமல் காப்பதும் அதே சவ்வுதான். வியட்நாம் காடுகளில் இதை உணர்ந்த அமெரிக்க ராணுவம், தன் பூட்ஸில் தண்ணீர் வடிய உள்பக்க விளிம்பில் துளை வைத்தது. வெப்பமண்டலத்தில் பூட்ஸுக்குத் தண்ணீர் வராமல் இருப்பதைவிட வந்த தண்ணீர் போவது முக்கியம்.

இவ்விடத்தில் நகைப்பை நிறுத்திவைத்து ஒன்று சொல்லவேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்தவர்; கடிபடுவது பெரும்பாலும் கால். இருட்டில் வயலுக்கும் வரப்புக்கும் போகிறவருக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸும் ஒரு டார்ச்சும் ஆடம்பரம் அல்ல.

நீடித்துழைப்பு

காலணியின் ஆயுளுக்கு நம்மிடம் உள்ள தொன்மையான சான்று இராமனின் பாதுகை. அரியணையில் 14 ஆண்டு இருந்தும் தேய்மானம் பதிவாகவில்லை. இதை வைத்து, அணியாத காலணியே நீடித்து உழைக்கும் என்ற கொள்கை தமிழ் வீடுகளில் வேரூன்றிவிட்டது. நல்ல பூட்ஸைப் பெட்டியோடு பரண்மேல் வைத்து, விசேஷத்துக்கு எடுக்கிறோம். எடுத்துப் போட்ட அன்றே சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது.

காரணம் வேதியியல். இன்றைய பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரிதேன். காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் பிணைப்புகளை மெல்ல அறுக்கின்றன. அணிந்தாலும் அணியாவிட்டாலும் சில ஆண்டுகளில் அது உதிரும். பாதுகை மரத்தாலானதால் பரதன் தப்பினான். பாலியூரிதேனாக இருந்திருந்தால் பாதி வழியிலேயே ஆட்சி கவிழ்ந்திருக்கும்.

எனவே ஆயுளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தகும்: உழைக்கும் ஆயுள், ஒட்டும் ஆயுள். வெறும் பசையால் சோல் ஒட்டியது பசையின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டது. மேல்தோலோடு சோலைச் சுற்றித் தைத்தது, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்து ஓரத்தில் ஊசியும் நூலும் வைத்திருப்பவர் உள்ளவரை வாழும்.

விவாதம்

மேலும் ஆராய்ந்தபோது ஒரு விந்தை புலப்பட்டது. தோல் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பழைய சென்னை மாகாணத்தில் பேர்போன சரக்குகள். கல்வராயனில் பொறுக்கும் வனப்பொருள்களில் கடுக்காயும் ஒன்று. பூட்ஸ் செய்ய முதலில் ஒரு பாத வடிவ அச்சு வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக் கலை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. ஆலையும் வேண்டும்; 2023 ஏப்ரலில் தைவானின் போ சென் குழுமம் உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது, 20,000 பேருக்கு வேலை என்றது அறிவிப்பு. பதனிடும் காய் மேற்கே, மரம் செதுக்கும் கை நடுவே, தைக்க ஒப்பந்தமான ஆலை கிழக்கே. மூன்றுக்கும் இடம் ஒரே மாவட்டமாக இருந்தும், அந்த மாவட்டத்து மலைக்காலுக்கு ஏற்ற ஒரு பூட்ஸ் எந்தக் கடையிலும் தொங்கவில்லை. உலகத்தின் கால்களுக்கெல்லாம் தைத்து அனுப்பிவிட்டு ஊக்கு தேடுகிறோம்.

முடிவும் பரிந்துரைகளும்

அடையாற்று நிறுவனத்துக்கும் உளுந்தூர்பேட்டை ஆலைக்கும் இக்கட்டுரை ஒரு மாதிரியை முன்மொழிகிறது: முன்பக்கம் அகலம், கணுக்கால்வரை மறைப்பு, நாடாவுக்குப் பதில் ஒரே இழுப்பில் பிரியும் பட்டை, தண்ணீர் வடியத் துளை, ஆழமான பள்ளமுள்ள சோல், அதுவும் தைத்தது; விலையோ மரவள்ளி மூட்டை சுமப்பவர் கொடுக்கக்கூடியது. அளவைச் சாமை மணியில் குறிப்பதா என்பது அடுத்த கட்ட ஆய்வுக்கு விடப்படுகிறது.

அதுவரை வாசகருக்குச் சொல்வது இவ்வளவே. பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் வாங்குங்கள். மலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே கடைக்கும் போட்டுப் போங்கள். விரல் நுனிக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் விடுங்கள். கடைப்படியில் இறங்கிப் பாருங்கள்: விரல் முன்னே இடித்தால் மலையிறக்கத்தில் நகம் போகும், குதிகால் தூக்கினால் கொப்புளம் வரும். பூட்ஸை மடக்கிப் பாருங்கள்: விரல்கள் தொடங்குமிடத்தில் மடியவேண்டும், நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘போடப்போட இளகும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் இளகுவது கால்தான். வாங்கியதைப் பரணில் வைக்காமல் மறுநாளே போட்டு நடங்கள்.