மூன்று சட்டை போட்ட மீன்

இஷொய், டென்மார்க்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

போன கிழமை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது மீனைப் பொரிச்சதோ, போர்த்து விட்டதோ?" என்று கேட்டீர்கள். பின்னாலிருந்து அத்தான் சிரித்ததும் காதில் விழுந்தது. இது போனில் சொல்லி முடிக்கிற கதையில்லை. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். இஷொய் கோபன்ஹேகனுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கிறது. பெயரைப் பிரித்தால் 'இஸ்' என்பது பனிக்கட்டி, 'ஹொய்' என்பது மேடு. வந்து இத்தனை வருடமாக மேட்டைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. பருத்தித்துறை மாதிரியே தட்டைத் தரை. பனிக்கட்டி மட்டும் தை மாதத்தில் மெய்யாகிவிடும். கடற்கரையில் தரைதட்டிய கப்பல் போல ஆர்க்கன் என்று ஒரு கலைக்கூடம் நிற்கிறது. 1996இல் திறந்தார்கள். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் உப்புக்காற்று மூக்கில் ஏறும், பொரித்த மீன் ஞாபகம் வரும். அதுதான் வினை.

தமிழ்க்கடையில் அறுக்குளா உண்டு. ஆனால் உறைந்து விறகுக்கட்டையாய்க் கிடக்கும், விலையும் விறைக்க வைக்கும். அதனால் இந்த ஊர் மீனையே வாங்குவோம் என்று போனேன். கடைக்காரர் 'ரோட்ஸ்பெட்டெ' என்று ஒன்றை நீட்டினார். எழுத்தில் உள்ளதில் பாதியைத்தான் டேனிஷ்காரர் வாயால் சொல்வார்கள், மீதியை விழுங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரித்தேன். 'ரோட்' என்றால் சிவப்பு, 'ஸ்பெட்டெ' என்றால் மரங்கொத்தி! மீன் வாங்கப் போனவன் பறவையோடு வந்துவிட்டேனே என்று திடுக்கிட்டேன். பிறகுதான் விளங்கியது, உடம்பில் உள்ள செம்மஞ்சள் புள்ளிகளால் வந்த பெயராம்.

தட்டை மீன், அக்கா. குஞ்சாய் இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல இடம்பெயர்ந்து மற்றக் கண்ணுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறிவிடும். அதற்குப் பிறகு ஒரு பக்கமாய்ச் சரிந்து மணலில் படுத்துவிடும். இடம்பெயர்ந்த கண் என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. ஆனாலும் வாங்கினேன். சொந்தம் வேறு, பசி வேறு.

கடைக்காரர் முள்ளை எடுத்து, தோலை உரித்து, நான்கு துண்டாக்கித் தந்தார். நான் அம்மா செய்தபடியே மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய்ப்புளி எல்லாம் பிரட்டி ஒரு மணித்தியாலம் ஊறவிட்டேன். பிறகு டேனிஷ் முறைப்படி முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டித் தாச்சியில் போட்டேன். போட்ட உடனே மீன் சட்டையைக் கழற்றியது. தூள் எல்லாம் எண்ணெயில் தனியாய் மிதந்து கருகியது. அம்மணமாய் நின்ற மீனைத் திருப்பப் போனேன், அது நாலாய் உடைந்து ஒட்டிக்கொண்டது. புகை மணி அலறியது. பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை குளிரில் யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட, பிள்ளைகள் குளிர்ச்சட்டை போட்டபடி கதிரைகளில் குந்தியிருந்தார்கள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஆச்சி மேலே வந்தா. எண்பது வயது டேனிஷ் மனுசி. தமிழர் என்றால் அவவுக்கு உடனே ஞாபகம் வருவது ஒரு வழக்கு. 1987இல் நீதி அமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், எங்கள் சனத்தின் மனைவி பிள்ளைகள் இங்கே வந்து சேர்வதற்கான விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். அது சட்டத்துக்கு மாறானது. விசாரணை நடந்து, உண்மை வெளியே வந்து, 1993 தை மாதத்தில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். ஆச்சி அதை இன்னொருமுறை சொல்லி முடிக்க, உங்கள் மச்சாள் தாச்சியைப் பார்த்துத் தமிழில் ஒன்று சொன்னாள்: "அரசாங்கத்தையே கவிட்ட இனம். ஒரு மீனைக் கவிட்டுப் போடத் தெரியேல்லை!"

ஆச்சி தாச்சிக்குள் எட்டிப் பார்த்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "மீனைத் துடைச்சனியா?"

அக்கா, மீனைக் கழுவத் தெரியும், வெட்டத் தெரியும். துடைக்கிறது என்று ஒரு வேலை இருக்கிறதென்று எனக்கு யார் சொன்னது? அடுத்த ஞாயிறு ஆச்சி எங்கள் குசினிக்கே வந்து படிப்பித்தா. உப்பும் புளியும் பட்டால் மீன் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகிச் சட்டையை உள்ளிருந்து தள்ளிவிடும். அதனால் கடதாசித் துவாயால் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு கோதுமை மா. மிச்ச ஈரத்தை மா குடிக்கும். மாவை முட்டை பிடிக்கும், முட்டையைத் தூள் பிடிக்கும். இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு கை ஈரத்துக்கு, மற்றது உலர்ந்ததுக்கு. இல்லாவிட்டால் பொரிபடுவது உங்கள் விரல்தான். பிரட்டியதைப் பத்து நிமிடம் சும்மா விடவேண்டும். எண்ணெயோடு கொஞ்சம் வெண்ணெய். வெண்ணெய் மட்டும் போட்டால் கெதியாய்க் கருகும். ஒரு துளி தூளைப் போட்டுச் சுர்ரென்றால் மீனை வைக்கலாம். இரண்டு துண்டுக்கு மேல் ஒரு தரத்தில் வேண்டாம், எண்ணெய் ஆறிவிடும். மெல்லிய மீன், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆச்சியின் தாயார் காலத்தில் முழு மீனைத் தோலோடு ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்களாம், அவ்வளவுதானாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அறுக்குளாத் துண்டுக்கு நடுவில் முள், சுற்றிவரத் தோல். அது தன்னைத் தானே கட்டிப் பிடித்துக்கொள்ளும், வெறும் தூளே காணும். தோல் உரித்த மீனுக்குத்தான் சட்டை வேண்டும். நானும் இந்த நாட்டுக்கு வந்த பிறகுதானே உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று சட்டை போடப் பழகினேன்.

மிளகாய்த்தூளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் மீனில் பூசாமல் மாவிலே கலந்துவிட்டேன். சட்டையும் கழலவில்லை, உறைப்பும் போகவில்லை. ஆச்சி ஒரு வாய் கடித்தா, கண் கலங்கினா, இரண்டாவதைக் கேட்டா.

இங்கே இதைக் கறுத்த ரை பாணின்மேல் வைத்து, தேசிக்காய்த் துண்டோடு, ரெமுலாட் என்று மஞ்சள் நிறக் குழம்பு விட்டுத் தின்கிறார்கள். மயோனைசில் பொடியாய் நறுக்கிய ஊறுகாய் மரக்கறியும் 'கறி' தூளும் கலந்தது. ஓம் அக்கா, எங்கள் கறிதான். இந்த ஆட்கள் முதலில் கண்டி அரசனை நம்பி இலங்கைக்குக் கப்பல் விட்டவர்கள். அது வாய்க்காமல், 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 225 வருடம் எங்கள் கடற்கரையில் இருந்தவர்களின் குழம்பில் நிறம் இருக்கிறது, உறைப்பைத்தான் காணவில்லை. எங்கள் கறி மட்டுமில்லை, இன்னொன்றும் இங்கே உண்டு. கட்லட்டுக்கும் ரோல்சுக்கும் போடும் றஸ்க் தூளை இங்கே 'ராஸ்ப்' என்று பெட்டியில் விற்கிறார்கள். பார்த்ததும் யாழ்ப்பாணப் பேக்கரி வாசலில் நின்ற மாதிரி இருந்தது.

ஆகவே படத்தில் இருந்தது பொரித்ததும்தான், போர்த்ததும்தான். நீங்கள் அங்கே கட்லட் செய்யும்போதும் ஈரத்தை ஒற்றிவிட்டு, முதலில் மாவில் புரட்டிப் பாருங்கள், வெடிக்காது. சித்திரையில் இந்தப் பக்கம் வருகிற ஆரிடமாவது ஒரு கிலோ கறித்தூள் கொடுத்துவிடுங்கள், நல்லாய் வறுத்து இடித்ததாய். பாதி ஆச்சிக்கு.

அன்புத் தம்பி